உப்புப் பார்க்க ஒரு வாய்

நான் பிறந்து வளர்ந்தது திருவள்ளூரில். வாக்கப்பட்டு வந்தது பழவேற்காட்டுக்கு. திருவள்ளூரில் ரயிலேறிப் பட்டணம் வந்து, அங்கே வேறு ரயில் மாறிப் பொன்னேரியில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்தோம். ஏரி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே முக்காட்டுக்குள் என் உதடு கரித்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு. காற்றிலேயே உப்பைக் கரைத்து வைத்திருக்கிற ஊருக்கு அல்லாஹ் என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையல்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் பிறந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றால் சந்தை இரைச்சல்தான். அத்தா, அண்ணன்மார், சாச்சா, எல்லாருக்கும் நாக்கு நீளம். "உப்பு எங்கே, ஊறுகாய்ப் பானைக்குள்ள குடிபோயிடுச்சா?" என்று ஒரு அண்ணன் கேட்பான். "இது குழம்பா, கை கழுவின தண்ணியா?" என்பான் இன்னொருவன். அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள். "நாளைலேருந்து ஆளுக்கொரு அடுப்பு வெச்சுக்குங்கடா!" மறுநாளும் அதே அடுப்பு, அதே ரகளை. நான் முதன்முதலாகத் தனியாக வைத்த கத்தரிக்காய்க் குழம்பை அத்தா வாயில் போட்டுச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "உப்பு அரைக்கல்லு கம்மி. மத்தபடி உங்கம்மாவை மிஞ்சிட்டே" என்றார். அரைக்கல் உப்பு குறைந்ததை ஒருத்தர் கண்டுபிடிக்கிறார் என்றால், அவர் அந்தச் சோற்றை எவ்வளவு ஆசையாய் மென்றிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. குறை சொல்லிவிட்டாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பழவேற்காட்டு வீட்டில் மாமியார் இல்லை. நான் வருவதற்கு முந்தின வருஷமே மவுத்தாகிவிட்டார்கள். வீட்டுக்காரர் கல்யாணமான மூன்றாம் மாதம் பினாங்குக்குக் கப்பலேறினார். அங்கே சொந்தக்காரர் கடையில் வேலை. இரண்டு வருஷமாவது ஆகும் திரும்பி வர. அவ்வளவு பெரிய வீட்டில் மிஞ்சியது மாமாவும் நானும். மாமா என்றால் என் மாமனார். கருவாட்டு வியாபாரம் அவருக்கு. ஐந்து வேளைத் தொழுகை தவறாது. என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடியாமலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாப்பிட உட்காருவார். பிஸ்மி சொல்வார். போட்டதைச் சாப்பிடுவார். இன்னும் போடப் போனால் கையைக் குறுக்கே நீட்டி, "போதும்மா" என்பார். அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்துவிடுவார். குழம்பு மணக்க மணக்க வந்த நாளும் அதே முகம். பருப்பு அடிப்பிடித்த நாளும் அதே முகம். நான் கதவு மறைவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மெல்லுகிற சத்தம் கேட்கும். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான். என் சமையல் அவருக்குப் பிடிக்கவில்லை, மகனுக்குக் கட்டி வைத்த பெண்ணாயிற்றே என்று பொறுத்துக்கொள்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நல்லாயிருக்கு என்றுகூட வேண்டாம், நல்லாயில்லை என்றாவது அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஏக்கம். தொழுதுவிட்டுக் கையேந்தும்போது வீட்டுக்காரரின் சுகத்துக்குக் கேட்பேன். அடுத்தபடியாக இதைக் கேட்பேன். இவ்வளவு சின்ன விஷயத்தை அல்லாஹ்விடம் கேட்கலாமா என்று வெட்கமாகவும் இருக்கும்.

அதற்காக அடுப்படியில் எனக்குச் சந்தோஷமே இருந்ததில்லை என்று சொன்னால் பொய். சந்தோஷமெல்லாம் அங்கேதான் இருந்தது. பிஸ்மி சொல்லி அடுப்பு மூட்டுவேன். குழம்பைக் கிண்டும்போது கரண்டியின் ஒவ்வொரு சுற்றுக்கும் நபியவர்கள் பேரில் ஒரு ஸலவாத்து. அம்மா பழக்கியது. ஏரியில் வந்து சேர்கிற பெரிய கால்வாயில் வடக்கேயிருந்து படகுகள் வரும். சவுக்கு விறகுக்கு நடுவில் பூசணிக்காயை அடுக்கிக்கொண்டு வருவார்கள். "கும்மடிக்காய், கும்மடிக்காய்" என்று தெலுங்கில் கூவுவார்கள். அறுத்தால் உள்ளே மஞ்சள், கல்யாண வீட்டு மஞ்சள். அதன் விதைகளைக் கழுவிக் காயவைத்து வறுத்துத் தின்பேன். திருவள்ளூரில் மண்வாசனையோடு வந்த கத்தரிக்காயும் அவரைக்காயும் இங்கே கிடையாது. பொன்னேரிச் சந்தைக்கு யாராவது போனால்தான் உண்டு. அதற்குப் பதில் மணலில் விளைந்த வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தது. கடித்தால் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். களாக்காய் கிடைத்தது. பால் வடிய வடியப் பறித்துக்கொண்டு வருவார்கள். உப்பில் போட்டு மூடி வைத்தால் ஜாடியைத் திறக்கும்போதே வாயில் நீர் ஊறும். ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்க்கும்போது யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருக்கும். திரும்பிப் பார்ப்பேன். காற்று உப்பில் காரை உதிர்ந்த சுவர்தான் இருக்கும்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு நாள் காலையில் கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"பாய்ம்மா! இறாலு வோணுமா? துள்ளிக்கினு கீது, வந்து பாரேன்."

கதவைத் திறந்தேன். உயரமான பொம்பளை. நெற்றியில் அகலமாய்க் குங்குமம், வாயில் வெற்றிலை, இடுப்பில் கூடை. ஏரிக்கு நடுவில் இருக்கிற மீனவர் குப்பத்திலிருந்து புருஷனோடு படகில் வந்து, மீனை இந்தக் கரையில் விற்றுவிட்டுப் போகிறவள். பழைய வாடிக்கையாம். மாமியார் இருந்த காலத்திலிருந்தே இந்தக் கதவுக்கு வருகிறவளாம். அந்த அம்மா போன பிறகு வராமல் இருந்திருக்கிறாள்.

"புதுப் பொண்ணு வந்துகீதுன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா இப்டி நோஞ்சானா கீற? சோறு துன்றியா, காத்து துன்றியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்து முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இறாலின் மேல் ஏதோ பச்சையாய்ப் போட்டு மூடியிருந்தாள். சின்னச் சின்னத் தண்டு, அதில் இலை என்று சொல்ல முடியாத குட்டிக் குட்டிக் காய் மாதிரி ஏதோ, சதைப்பற்றாய். இது என்ன என்று கேட்டேன்.

"இத்தயா? உமரி. ஏரிக்கரைச் சேத்துல மண்டிக் கெடக்கும். மீனு வாடாம இருக்க மேல போட்டாந்தேன். நாங்க ஆக்கித் துன்னுவோம். பெரிய ஊட்டுக்காரங்க நீங்க துன்னுவீங்களோ இன்னாவோ."

ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். மொறுக்கென்றது. உள்ளே கடல் இருந்தது. வண்டியில் வந்தபோது உதட்டில் கரித்த அதே உப்பு, ஆனால் பச்சையாய், குளிர்ச்சியாய், இளசாய். இந்த ஊர் உப்பை முதல் தடவையாக எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

"எப்படி ஆக்கறது, அக்கா?"

அக்கா என்றதும் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குந்திக்கொண்டாள். "தண்டை உருவிப் போட்டுட்டு அலசு. வேகவெச்சித் தண்ணியக் கொட்டிடு. பூண்டு தட்டிப் போட்டு, இந்தப் பொடி இறாலையும் போட்டு வதக்கி, தேங்கா தூவி எறக்கு. உப்ப மட்டும் பாத்துப் போடு. அதுலயே கீது."

அன்றைக்கே ஆக்கினேன். ஒரு சிட்டிகை உப்பு போதுமானதாக இருந்தது. நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து சட்டியை வழித்துத் தின்றேன். மாமா வழக்கம்போலச் சாப்பிட்டு, போதும்மா சொல்லி எழுந்தார். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு ஆள் இருந்தது. அவள் வந்ததும் வராததுமாக ஒரு கிண்ணத்தில் முன்பே எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "பூண்டு தூக்கலு. உங்கூரு கையி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு குறை! அந்தக் குறையை நாள் முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

பனிக்காலம் முழுக்க அவள் வந்தாள். மடவை மீன் கொண்டுவருவாள், நண்டு கொண்டுவருவாள், கூடவே ஒரு கட்டு உமரி. உமரிக்கு ஒரு சிட்டிகை உப்பு என்பது என் கைக்கே பழகிவிட்டது.

அந்த வருஷம் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. ஏரி உள்வாங்கிப்போய்க் கரை ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்துவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டும். தாகத்தைத் தாங்கிக்கொள்ள அல்லாஹ் தெம்பு கொடுத்தான். தாங்க முடியாததாக இருந்தது உப்புப் பார்க்க முடியாததுதான். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று எனக்கு ஓதிக்கொடுத்தவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள். எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு துளி தொண்டையில் இறங்கிவிட்டால் அவ்வளவு நேரம் காய்ந்ததும் வீண்தானே. பிறந்த வீட்டில் நோன்பு வைக்காத சின்னதுகள் வரிசையில் நின்று உப்புப் பார்க்கும். இங்கே யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பெண்களில் மாதாமாதம் வரும் அந்த நாட்களில் இருப்பவர்களுக்கு நோன்பு இல்லை, அவர்கள் பார்க்கலாம். ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்கக்கூடிய கேள்வியா அது?

அதனால் கண்ணளவு, கையளவு என்று சமைத்தேன். ஒரு நாள் அக்கா கொண்டுவந்த உமரி கொஞ்சம் சிவந்திருந்தது. வெயிலில் வாடியிருக்கும் என்று நினைத்து, வழக்கம்போல வேகவைத்து ஒரு தண்ணீர் கொட்டி, இறாலைப் போட்டு வதக்கி, வழக்கம்போல ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன்.

ஆண்கள் பள்ளிவாசலில் கஞ்சி குடித்து நோன்பு திறப்பார்கள். தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்துதான் சோறு. மாமா வந்தார். உட்கார்ந்தார். சோற்றோடு உமரியைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கை சற்று நின்றது. பிறகு சாப்பிட்டார். வைத்ததையெல்லாம் ஒன்றும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் என் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்த மாதிரி இருந்தது. நாய்கூடத் தின்னாது. அதை ஒரு மனுஷர், பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர், ஒரு முகச் சுளிப்பு இல்லாமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள், நடுவில் சிரிப்பும் கேட்டது. உப்புக் கரிக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லாத வீட்டில் நான் இருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. என்னோடு ஒரு வார்த்தை பேசுவதைவிட இந்த உப்பை விழுங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. தட்டை மூடி வைத்துவிட்டு வெறும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வந்ததும் கொட்டித் தீர்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி மக்கு பாய்ம்மா! கத்திரில ரெண்டு தண்ணி கொட்டணும். உப்பே போடக்கூடாது. ஏரியே சுண்டிப்போயி கெடக்கு, உமரி இன்னா பண்ணும்? அதான் செவந்துபோயி கீது." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பெரிய பாய் இன்னா சொன்னாரு? குதிச்சிருப்பாரே!"

"ஒண்ணும் சொல்லலே."

"ஒண்ணுமேவா?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லே அக்கா. நான் சமைக்கிறதே அவருக்குப் பிடிக்கலே."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "உனுக்குத் தெரியாதா? அந்தம்மா இருந்தப்போ இந்தாளு சோறு துன்ற நேரம் தெருவுல ஒரு பயலும் கண்ணு மூட முடியாது. 'உப்பு எங்கடி, கப்பல்ல வருதா?'ன்னு கத்துவாரு. அந்தம்மா மட்டும் உடுமா? 'வோணும்னா ஏரில போயி முங்கி எழு'ன்னு உள்ளேருந்து கொரல் குடுக்கும். நான் இங்கியே குந்திக்கினு சிரிச்சிக்கினு இருப்பேன். அவுங்க சண்டய கேக்கறதுக்குன்னே லேட்டாப் போவேன், எம்புருஷன் அங்க படகாண்ட நின்னுக்கினு என்னத் திட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. அந்தம்மா போச்சி. இவுரு வாய மூடிக்கினாரு. ஒரு தபா கரையில பாத்து, இன்னா பாய், சத்தமே காணோம்னு கேட்டேன். 'யாரைத் திட்றது இனிமே'ன்னாரு. அதோட நான் இந்தப் பக்கமே வர்ல."

அவள் போன பிறகு அடுப்பை மூட்டினேன். என் சமையல் பிடிக்காமல் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. ஆனால் அவருடைய வாயை மூடியது நான் இல்லையென்றால், திறக்க வைப்பதும் என் கையில் இல்லை. அது இன்னொரு வருத்தம். ஒரே வீட்டில் அவர் ஒரு பக்கம் தனியாக, நான் ஒரு பக்கம் தனியாக. நடுவில் ஒரு தட்டு சோறு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டிலிருந்து போகும். ஒரு நாள் மாமா முற்றத்தில் நின்றபடி சொன்னார்: "வெள்ளிக்கிழமை கஞ்சி நம்ம வீட்டுது." சற்று நிறுத்தி, "முடியுமா?" என்றார்.

"முடியும் மாமா" என்று சொல்லிவிட்டேன். போன வருஷங்களில் மாமியார் ஆக்கிய கஞ்சியை ஊரே பேசுமாம். அண்டா நிறையக் கஞ்சி, பள்ளி நிறைய நோன்பாளிகள், எல்லாரும் ஒரே நேரத்தில் முதல் வாய் வைப்பார்கள். உப்புக் கரித்தால் மாமா தலையைத் தூக்க முடியாது. அப்போதும் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லமாட்டார். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து உப்புப் பார்த்துச் சொல்லணும்."

"நானா?" அவள் கண்ணை விரித்தாள். "ஏ பாய்ம்மா, மீனு நாத்தம் புடிச்ச வாயி இது. உங்க பள்ளிவாசலுக்கு ஆவுமா?"

"நோன்பு இல்லாத வாய்தான் எனக்கு வேணும்."

"அப்ப செரி. கங்கம்மா மேல ஆணையா கரெக்டா சொல்லிப்புடுவேன். அப்பால என்னத் திட்டக்கூடாது."

வெள்ளிக்கிழமை பகலிலேயே அண்டாவை ஏற்றினேன். நொய்யும் பாசிப்பருப்பும் குழைந்து வர, வெந்தயமும் பூண்டும் கரைந்து வர, இஞ்சி தட்டிப் போட்டு, புதினாக் கிள்ளிப் போட்டு, தேங்காய்ப்பாலை ஊற்றி ஸலவாத்து சொல்லிக்கொண்டே கிண்டினேன். வியர்வை முக்காட்டை நனைத்தது. வாசனை மூக்கில் ஏற ஏற, நாக்கு ஒட்டிக்கொண்டது. உப்பை வேண்டுமென்றே குறைத்துத்தான் போட்டேன்.

அக்கா சொன்னபடி வந்தாள். முகம் கை கால் எல்லாம் கழுவிக்கொண்டு, வெற்றிலையைத் துப்பி வாயும் கொப்பளித்துவிட்டு அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்து கையை ஏந்தினாள். கரண்டியால் கொஞ்சம் ஊற்றினேன். ஊதி ஊதி உறிஞ்சினாள்.

"சப்புன்னு கீது. இன்னும் போடு."

போட்டுக் கிண்டினேன். மறுபடியும் ஊற்றினேன்.

"இன்னும் ஒரு பிடி... தா, அவ்ளோ இல்ல, கால் பிடி."

மூன்றாவது தடவை அவள் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தபோது கிணற்றடிப் பக்கம் நிழல் விழுந்தது. தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளுச் செய்ய வந்த மாமா நின்றுகொண்டிருந்தார். நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிவாசலுக்குப் போகிற கஞ்சி. மாமியார் ஆக்கிய அண்டா. அதன் பக்கத்தில் மீன்காரப் பொம்பளை கையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அக்காவும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா அவளைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

"உப்பு?" என்றார்.

"இப்ப செரியா கீது பாய்."

தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா என் தோளில் ஒரு அடி வைத்தாள். "கேட்டியா? கேட்டாரு பாரு! உப்புன்னாரு!"

"உங்கிட்டதானே கேட்டார், எங்கிட்ட இல்லையே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பள்ளியிலிருந்து ஆட்கள் வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாங்கு சொல்லும்வரை என்னோடு இருந்துவிட்டுப் போ என்று அக்காவைக் கேட்டேன். இருட்டுவதற்குள் படகு ஏரியைத் தாண்ட வேண்டும் என்றாள். போகும்போது இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். உள்ளே ஈச்சம்பழம். மணல் மேட்டில் தானாக விளைவது, கறுத்துச் சின்னதாய், தோலும் கொட்டையுமாய்.

"நோம்பு தொறக்க உங்காளுங்க இந்த மாதிரி ஒரு பழம் துன்னுவாங்கல்ல? அதுக்குச் சித்தி மவ இது" என்றாள். "பெருநாளைக்கு பிரியாணி எடுத்து வையி. வந்துருவேன். உமரியும் ஆக்கி வையி, கத்துக்கினியான்னு பாக்கறேன்."

பாங்கு கேட்டதும் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அந்த ஈச்சம்பழத்தால்தான் நோன்பு திறந்தேன். துவர்ப்பும் இனிப்புமாய் இருந்தது. அவள் படகு இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்குமோ என்று நினைத்தேன். கஞ்சியில் எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தேன். உப்பு சரியாக இருந்தது. பள்ளியிலிருந்து வந்த மாமா காலி அண்டாவைக் காட்டி, "கழுவிக் கொடுத்துட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நோன்பு முடிகிறவரையிலும் அக்கா இரண்டொரு தடவைதான் வந்தாள். மீன் குறைந்துவிட்டது என்றாள். கடைசியாக வந்தபோது கூடையில் உமரி மட்டும்தான் இருந்தது. பெருநாள்வரை வாடாமல் இருக்க அதை வேரோடு பிடுங்கி ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

பெருநாள் அன்று விடியற்காலையில் குளித்து, சேமியா காய்ச்சி, ஆண்கள் தொழுகைக்குப் போன பிறகு வீட்டிலேயே தொழுது, பிரியாணிக்கு அடுப்பு மூட்டினேன். நோன்புதான் முடிந்துவிட்டதே, இனி நானே உப்புப் பார்க்கலாம். ஏனோ பார்க்கவில்லை. அவள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். உமரியை இரண்டு தண்ணீர் கொட்டி, உப்பே போடாமல் ஆக்கினேன். ஒரு தட்டில் அவளுக்கென்று பிரியாணி எடுத்து வைத்து, பக்கத்தில் கிண்ணத்தில் உமரியையும் வைத்து, இன்னொரு தட்டால் மூடினேன். கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். உறவுக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள். மதியத் தொழுகை முடிந்தது. வெயில் கொல்லைச் சுவரில் ஏறியது. மூடின தட்டு மூடினபடி இருந்தது. ஒவ்வொரு தடவை காற்றில் கதவு ஆடும்போதும் போய்ப் பார்த்தேன். மணலும் வெயிலும்தான்.

அடுப்படி வாசலில் செருமுகிற சத்தம் கேட்டது. மாமா. அந்த நிலைப்படிப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் மூடின தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்துவாரம் மணல் மூடிப்போச்சும்மா" என்றார். "மீன் இல்லே. அவங்க குப்பத்துல பாதிப் பேர் படகெடுத்துக்கிட்டு வடக்கே போயிட்டாங்க. அந்தப் பொண்ணு குடும்பமும் போயிடுச்சு. நேத்துக் கரையில சொன்னாங்க. மழை பேஞ்சு முகத்துவாரம் திறந்தாத்தான் வருவாங்க."

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு மீன்காரிக்காகப் பெருநாளில் அழுகிறாளே என்று நினைத்துக்கொள்வாரோ என்று இருந்தது.

மாமா நிலைப்படிக்கு இந்தப் பக்கம், தரையில், பலகைகூடப் போடாமல் உட்கார்ந்தார்.

"அதைக் கொண்டா" என்றார்.

தட்டை அவர் முன்னால் வைத்தேன். பிஸ்மி சொன்னார். பிரியாணியைத் தொடாமல் முதலில் உமரிக் கிண்ணத்தில் கை வைத்தார். ஒரு வாய் எடுத்து மென்றார். நான் வழக்கம்போலக் கதவு மறைவுக்குப் போயிருக்க வேண்டும். மறந்துபோய் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"அன்னிக்கு ரொம்பக் கரிச்சுது" என்றார்.



"ரெண்டு செம்புத் தண்ணி குடிச்சும் அடங்கலே. தொண்டையெல்லாம் எரிச்சல். ஏரியையே சட்டியில போட்டு வதக்கிட்டியோன்னு நெனைச்சேன்." இன்னொரு வாய் வைத்துக்கொண்டார். "இன்னிக்குப் பரவாயில்லே. பூண்டுதான் தூக்கல்."

முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாள் அவரும் அந்த உப்பைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை ஓடிப்போய்ச் சொல்ல ஒருத்தி இருந்தாள். அவள் எங்கோ வடக்கே, தெலுங்கு பேசுகிற ஏதோ ஒரு கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள்.

கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்தது. சட்டியில் இன்னும் கொஞ்சம் உமரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா, மாமா?"

கையைக் குறுக்கே நீட்டுவார் என்று நினைத்தேன். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"வை" என்றார்.